பொடக்காலியும் 'சும்மா' இருத்தலும்

குழந்தைமை பற்றிய நம் சொல்லாடல்கள் பெரும்பாலும் ஒரு முற்றத்தைக் கற்பித்துக்கொண்டே தொடங்குகின்றன. வேம்பு, மணல், சொப்புச் சாமான், கவலையற்ற நான்கைந்து பிள்ளைகள். உழைப்பு அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. சோமனூர்ப் பக்கம் இப்படியொரு முற்றத்தைத் தேடிப் புண்ணியமில்லை. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பொடக்காலியில் ஆடு கட்டியிருக்கும், கழிவு நூல் மூட்டை கிடக்கும். உடைந்த நாடாதான் படகு. தார்க்குச்சிகளை நிறுத்தி வைத்தால் பள்ளிக்கூடம், படுக்க வைத்தால் ரயில்.

கட்டட வேலை, தையல், தச்சு இவற்றின் கழிவுகள்பால் குழந்தைகள் ஈர்க்கப்படுவதை வால்டர் பெஞ்சமின் 'ஒருவழிப் பாதை'யில் (1928) கவனித்திருக்கிறார். பெரியவர்களின் வேலையை அவர்கள் நகலெடுப்பதில்லை, ஒட்டாத பொருட்களுக்கிடையே புதிய உறவை உண்டாக்குகிறார்கள் என்பது அவர் வாதம். நாடாவைப் படகாக்குகிற பிள்ளை அதன் கூலிக் கணக்கை ரத்து செய்துவிடுகிறது. ஆனால் கூட ஆடுகிற பிள்ளையும் ஒப்புக்கொண்டால்தான் அது படகு. இந்த ஒப்புதலைத்தான் நான் நட்பு என்கிறேன். (பஞ்சுத் தூசியும் தறிச் சத்தமும் கூடவே உண்டு. பெஞ்சமினைப் படித்த உற்சாகத்தில் அதை மறந்துவிட வேண்டாம்.)

ஒப்புதல் உடைவது எங்கே? கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் குழந்தைகள் கதவில் தொற்றி ஆடிப் பஸ் விடுகிறார்கள். தீர்வைப் பாக்கிக்காக அந்தக் கதவே பெயர்த்துக் கொண்டுபோகப்படுகிறது. இதை வறுமைக் கதை என்று மட்டும் வாசிப்பது போதாது. பஸ் என்கிற பெயருக்கும் ஜப்திப் பொருள் என்கிற பெயருக்குமான மோதல் அது. அங்கே உடைப்பு வெளியிலிருந்து வருகிறது. குழந்தைகள் ஒரு பக்கமாகவே நிற்கிறார்கள்.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) இதைவிடச் சங்கடமான பிரதி. பண்ணயத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் கூளையனும் கவுண்டர் வீட்டுச் செல்வனும் சேர்ந்தேதான் திரிகிறார்கள். செல்வன் நினைத்த மாத்திரத்தில் தோழன் வேஷத்தைக் கலைத்துவிட்டு எஜமானாக எழுந்துகொள்ளலாம். கூளையனுக்கு எழுந்துகொள்ள வேறு இடமில்லை. சாதி இங்கே விளையாட்டுக்கு வெளியே இல்லை, அதன் விதிகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுத் தறிக்குடோனுக்குத் திரும்பினால் காதில் விழுகிற வாக்கியம் வேறு மாதிரி ஒலிக்கிறது: 'சும்மாதான இருக்குது, ரெண்டு தாரு சுத்தட்டும்.' வியாபாரி தரும் நூலைக் கூலிக்கு நெய்து கொடுக்கிற தறிக்காரர் வீட்டிலும் இது கேட்கும், அவரிடம் தறியோட்டுகிறவர் வீட்டிலும் கேட்கும். 'சும்மா' என்ற சொல் விளையாட்டை வெற்று நேரமாக்கிவிடுகிறது. சட்டமும் இதே தமிழைத்தான் பேசுகிறது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைகளுக்கு விலக்குக் கொடுத்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்துவிட்டு, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்று கதவைத் திறந்து வைத்தது. பள்ளி நேரம் போக மிச்சமிருப்பது என்ன நேரம்?

தறிக்காரர் பிள்ளை ரெண்டு தார் சுற்றிவிட்டுத் திரும்பி வரும், ரயில் அதே இடத்தில் நிற்கும். மற்றப் பிள்ளை திரும்பி வருமா என்பது அன்றைய கூலியைப் பொறுத்தது.