துலா மாதத்துத் தும்பிகள்

ஐப்பசியில் மழை விட்ட மாலைகளில் திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைகளின் ஓட்டுக்கூரைக்கு மேலே மஞ்சள் தும்பிகள் கூட்டமாக வட்டமிடும். மலையாளிகளுக்கு அவை துலாத்தும்பி. லேசில் உட்காராது. எப்போதாவது ஒரு கொடியில் செங்குத்தாகத் தொங்கினால் கிட்டப் போய்ப் பாருங்கள்: பின்சிறகின் அடிப்பகுதி எவ்வளவு அகலம்! அந்த அகலத்தை நம்பித்தான் காற்றில் மிதந்தே கடல் கடக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை இவை போவதை 2009-இல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் எடுத்துக்காட்டினார். மாலத்தீவின் தலைநகர் மாலே இங்கிருந்து சுமார் 600 கி.மீ. வடகிழக்குக் காற்று தூக்கிக்கொண்டு போனாலும் வழியில் இருட்டிவிடும்.

இருட்டில் ஒரு பூச்சிக்கு எது துணை? ஆஸ்திரேலியாவின் போகோங் அந்துப்பூச்சி அதற்கு அற்புதமான பதில் வைத்திருக்கிறது. தான் போயே இராத மலைக்குகைகளைத் தேடி அது 1000 கி.மீ. வரை இரவிலேயே பறக்கிறது. எரிக் வாரன்ட் குழுவினர் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், புவிக்காந்தத்தின் தாக்கத்தை நீக்கிவிட்டு விண்மீன் வானத்தை மட்டும் காட்டினார்கள். பூச்சி சரியான திசையைப் பிடித்தது. வானத்தை 180 பாகை திருப்பினார்கள், அதுவும் திரும்பியது. விண்மீன்களைக் கலைத்துப்போட்டதும் தடுமாறியது. மேகம் மூடிய இரவுகளில் காந்தப்புலம் கைகொடுக்கிறது.

அரிசிமணியைவிடச் சிறிய மூளை அது. வானம் சுழல்வதைக் கவனிக்கும் நரம்பணுக்கள் அதற்குள் இருக்கின்றன. பூச்சி தெற்கு நோக்கும்போது அவை மிகத் தீவிரமாகத் துடிக்கின்றன.