விடையோடு வரும் அறிவியல்

வீட்டிலேயே குழந்தைகளோடு செய்யும் அறிவியல் செயல்பாடுகள் என்று இப்போது எங்கே பார்த்தாலும் கிடைக்குது. பெட்டியாக விற்கிறார்கள், அட்டையாக அச்சிடுகிறார்கள், ரெண்டு நிமிஷ வீடியோவாக வாட்ஸ்அப்பில் வருது. திருச்செந்தூரில் அக்கா வீட்டுக்கு வந்த ஒரு பெட்டியை (பேர் வேண்டாம், எல்லாப் பெட்டியும் ஏறக்குறைய ஒண்ணுதான்) ஆறு வயசு மருமகனோடு உட்கார்ந்து முழுசாகச் செய்து பார்த்தேன். அதையும், கையில் கிடைத்த வேற அட்டைகளையும் சேர்த்து ஒரு விமர்சனக் குறிப்பு இது.

எல்லாவற்றிலும் அமைப்பு ஒண்ணுதான். தேவையான பொருட்கள், செய்முறை, அதுக்கு நேர் கீழே "என்ன நடக்கும்?", அதுக்கும் கீழே "ஏன் நடக்குது?". பிள்ளை கையை வைக்கிறதுக்கு முன்னாடியே விடை அச்சாகிவிட்டது. பிறகு அவனுக்கு இருக்கிற ஒரே வேலை, சொன்னபடி நடக்குதான்னு சரிபார்க்கிறது. நடக்கலைன்னா "நீ சரியாச் செய்யல". எனக்கு இருக்கிற முதல் பிரச்சினை இதுதான். மத்ததெல்லாம் இதிலிருந்து வர்றது.

எரிமலையை எடுத்துக்குங்க. களிமண் மேடு, உள்ளே ஆப்பசோடா, மேலே வினிகர், சிவப்புச் சாயம். பொங்கும். பிள்ளைங்க கத்துவாங்க, நல்லாத்தான் இருக்கும். ஆனா பூமிக்குள் உருகிய பாறைக்கும் இந்த நுரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓர் அமிலமும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு வெளியேறுது, அவ்வளவுதான். அதுக்கு எரிமலை வேஷம் போட்டதால் பிள்ளை இரண்டையுமே தப்பாகக் கற்றுக்கொள்கிறான்.

இதைவிடப் பெரிய பிழை மெழுகுவர்த்திச் சோதனையில் இருக்கு. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கணும். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். விளக்கம்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடிக்குது. நம்மில் பலர் பள்ளியிலேயே படித்தது. கேட்கவும் கச்சிதமா இருக்கு. ஆனா உட்கார்ந்து பாருங்க. சுடர் எரியும்போது தண்ணீர் பெருசா ஏறாது. அணைந்த பிறகுதான் சர்ருன்னு ஏறும். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழ் வெளியே போறதையும் பார்க்கலாம். இப்ப ஒரு மெழுகுவர்த்திக்குப் பதிலா மூணு வச்சுச் செய்யுங்க. தண்ணீர் இன்னும் உயரமா ஏறும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதானே, எப்படி உயரம் மாறும்? சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியே போயிடுது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குது, நீராவி படியுது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வருது. பெரும்பங்கு அதுதான். ஆக்சிஜன் முழுசாகத் தீர்வதற்கு வெகு முன்னாடியே சுடர் அணைந்துவிடும்.

மூணு மெழுகுவர்த்தி வைக்கலாமேன்னு கேட்டது என் மருமகன். காரணம் தெரிஞ்சு கேட்கல, பெட்டியில் மூணு இருந்துச்சு. ஒரு ஆறு வயசுப் பிள்ளையின் ஆசை, அட்டையில் அச்சான விளக்கத்தைக் கவிழ்த்துவிட்டது. அட்டையோ, "ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்ளவும்" என்பதோடு நின்றுவிடுது.

நம்ம நாட்டில் இதுக்கு நல்ல முன்னோடிகள் இருக்காங்க என்பதால்தான் கூடுதல் வருத்தம். கையில் கிடைப்பதை வைத்து அறிவியல் கற்பிக்கும் எண்ணத்துக்கு யுனெஸ்கோ 1956இல் ஒரு பெரிய மூலநூலே போட்டது. போரில் இடிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக 1948இல் வந்த சின்னக் கையேடு அதுக்கு விதை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் 'பால் வைஞானிக்' பாடநூலில் சோதனையும் கேள்வியும் இருக்கும், விடை இருக்காது. பிள்ளைகள் தாங்களே செய்து, பேசி, எழுதிக்கொள்ளணும். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டு போகலாம். முப்பது வருஷம் நடந்த திட்டத்தை 2002இல் அரசு நிறுத்திவிட்டது.

அங்கே 1978இல் போய்ச் சேர்ந்த பொறியாளர்தான் அரவிந்த் குப்தா, 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டுகளையும் சேர்த்து அவர் செய்த வடிவங்கள் எனக்கு இன்றும் இந்த வகையின் உச்சம். மூணு குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்க, அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்து அழுத்துங்க, சாய்ந்து விடும். சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சி வச்சா நின்றுவிடும். யாரும் விளக்கமே சொல்ல வேண்டாம், விரல் சொல்லிடும். பிறகு அந்தப் பிள்ளை செல்போன் டவரைப் பார்க்கும் பார்வையே வேற. ஆனா அவர் பேரைச் சொல்லி இப்போது பரவுறதில் பாதி, பார்த்து அப்படியே செய்யும் கைவேலையாகத் தேய்ந்துவிட்டது. பொம்மை வந்துடுச்சு, கேள்வி வரல.

தமிழில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் செய்தது பெரிய வேலை. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் ஊர்ப் பிரச்சினையை எடுத்துப் பிள்ளைகளே ஆய்வு செய்கிறாங்க. ஆனா அது பத்து வயசுக்கு மேல். அஞ்சு, ஆறு வயசுக்காரங்களை நாம் பெட்டிக்கும் வீடியோவுக்கும் விட்டுட்டோம்.

இனி முட்டை. அட்டை சொல்லுது: சாதாரண நீரில் முட்டை மூழ்கும், உப்பு நீரில் மிதக்கும், அதனால்தான் கடலில் நீந்துவது எளிது. திருச்செந்தூர்க்காரங்களுக்கு இதைச் சரிபார்க்க நடக்கிற தூரம்தான். ஒரு செம்பில் கடல் தண்ணி மொண்டு வந்து நல்ல புது முட்டையைப் போட்டோம். மூழ்கிடுச்சு! மூழ்கத்தான் செய்யும். கடல் நீர் நல்ல தண்ணியைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம்; புது முட்டை அதைவிடக் கூடுதல். மேலே மேலே உப்பைக் கரைச்சாத்தான் மிதக்கும். தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் உப்பு விளையும் பக்குவத்துக்கு வந்த நீரில் போட்டா தாராளமா மிதக்கும். பழைய முட்டையோ உள்ளே காற்றறை பெருசாகி, வெறும் தண்ணியிலேயே மிதக்கும். அட்டை "உப்பு நீர்" என்று ஒரே சொல்லில் முடித்த இடத்தில், எவ்வளவு உப்பு என்ற கேள்வி கிடக்கு. கரண்டி கரண்டியாகப் போட்டு எண்ணினால் ஒரு சாயங்காலம் போயிடும், பிள்ளை அசையமாட்டான்.

அதே அடர்த்தியை வச்சு நாழிக்கிணற்றுக்கே போகலாம். கோயிலுக்கு வர்ற எல்லாரும் படியிறங்கி அந்தத் தண்ணியில் குளிக்கிறாங்க. கூப்பிடு தூரத்தில் கடல், உள்ளே நல்ல தண்ணி. முருகன் வேல் குத்தி வரவழைத்தது என்பது தலபுராணம், அதை ஆச்சி சொல்லட்டும். கடலோர மணலில் பொதுவாக நடக்கிறதை ஒரு கண்ணாடி டம்ளரில் காட்டலாம். பாதி டம்ளர் நல்ல உப்புக் கரைசல். அதன் மேல் பீட்ரூட் சாறு கலந்த நல்ல தண்ணியைக் கரண்டியின் முதுகில் மெதுவா வழிய விடுங்க. சிவப்பு மேலேயே நிற்கும். மழைநீரும் மணலுக்கடியில் இப்படித்தான் உப்பு நீர் மேல் மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அப்படியானால் மோட்டார் போட்டு மேலேயிருந்து ஓர் அடியை இறைச்சா? கடலோரக் கிணறு ஏன் உப்பாகுதுன்னு பிள்ளையிடம் இனிமே தனியா சொல்லணுமா?

நிறம் மாறும் சோதனைக்கு ஊதா முட்டைக்கோஸ் வாங்கச் சொல்றாங்க. உடன்குடிப் பக்கம் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுற ஊரில்! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா ஆரத்திச் சிவப்பு. அதில் எலுமிச்சையைப் பிழிஞ்சா திரும்ப மஞ்சள். கரையில் பொறுக்கின சிப்பியை எலுமிச்சைச் சாற்றில் போட்டா குமிழ் விடும். எரிமலையில் பொங்கின அதே வாயு. சிப்பியைச் சூளையில் சுட்டு அந்த வாயுவை விரட்டினதும், நீற்றினதும்தான் சுண்ணாம்பு. அதைக் கலயத்தில் தடவினா ஈஸ்டுக்கு வேலை ஓடாது, பதநீர் கள்ளாகாது. எரிமலைப் பெட்டி தனியாக விற்கிறது ஒரு நுரை. இங்கே கடற்கரையும் சூளையும் பனையும் பூஜைத்தட்டும் ஒரே சங்கிலி. (சுண்ணாம்பைப் பெரியவங்க மட்டும் தொடணும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். இதை எந்த ஆசைக்காகவும் தளர்த்தாதீங்க.)

வேலைக்குப் போற அம்மா அப்பாவுக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம், பெட்டி வாங்கிக் கொடுத்தா அரை மணி நேரமாவது பிள்ளை போனைப் பார்க்காம இருப்பான் என்கிறாள் அக்கா. நியாயம்தான். பெட்டி வேண்டாம்னு நான் சொல்லல. அந்த "ஏன் நடக்குது?" பகுதியை மட்டும் கத்தரியால் வெட்டி அலமாரியில் வச்சிடுங்கன்னுதான் சொன்னேன். வெட்டிட்டாள்.

கடைசியா ஒண்ணு, இதுக்குப் பெட்டியே கிடையாது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று டிவியில் வரும், பாசி பிடிச்ச பாறையைக் காட்டுவாங்க. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனா சரிவு குறைஞ்ச மணலில் அது பல எட்டு தூரம். அசையாத ஒரு சுவரிலிருந்து அலை தொடும் இடம் வரை பிள்ளை எட்டு வச்சு எண்ணட்டும், ஒரே நாளில் ரெண்டு மணிக்கொரு தரம். எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதட்டும். அடுத்த அமாவாசைக்கும் நடுவில் ஒரு அஷ்டமிக்கும் மறுபடி. கடல் இறங்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுக்குதுன்னு அவன் காலுக்கே தெரிஞ்சிடும்.

2004 டிசம்பர் 26உம் பௌர்ணமிதான். அன்று பல கரைகளில் கடல் சில நிமிஷத்தில் பின்வாங்கிச்சு, கிடந்த மீனைப் பொறுக்கப் போனவங்க உண்டு. தாய்லாந்தின் புக்கெட் தீவில் பத்து வயசு டில்லி ஸ்மித், தண்ணீர் வழக்கத்துக்கு மாறா நுரைக்குதுன்னு பார்த்து, ரெண்டு வாரம் முன்னே வகுப்பில் கேட்டதோடு பொருத்தி, பெற்றோரைப் பிடிச்சு இழுத்தாள். அந்தக் கடற்கரையே காலியாச்சு. மருமகனின் காலண்டர் தாளில் இப்போதைக்கு அஞ்சு எண்தான் இருக்கு. சாயங்காலம் நாலு மணி எண்ணுக்கு நேரே, "ஐஸ் வாங்கப் போயிட்டேன்" என்று எழுதியிருக்கான்.