காயம் பரிசாகுமா? மெக்கில், கரோல் எழுதிய புத்தகத்தைப் பற்றி

டெட்லிஃப்ட் செய்பவர்களில் ஒருமுறையாவது கீழ்முதுகு பிடித்துக்கொள்ளாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பிடித்த அன்று ராத்திரியே தேட ஆரம்பிப்போம். எந்த வழியாகத் தேடினாலும் கடைசியில் ஸ்டூவர்ட் மெக்கில் என்ற பெயரில் போய் முட்டுவோம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் முதுகெலும்பு இயக்கவியல் ஆராய்ச்சி செய்த பேராசிரியர். பொதுவாசகருக்காக அவர் எழுதிய 'பேக் மெக்கானிக்' 2015இல் வந்தது. எடை தூக்குபவர்களுக்கென்றே பிரையன் கரோல் என்ற அமெரிக்கப் பவர்லிஃப்டரோடு சேர்ந்து எழுதிய 'கிஃப்ட் ஆஃப் இஞ்சுரி' 2017இல் வந்தது. இரண்டாவதைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

கதை இதுதான். கரோல் ஸ்குவாட்டில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் தூக்கிய ஆள். முதுகு உடைந்தது. 'உடைந்தது' என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. திருவெலும்பில் முறிவு, கீழ் முதுகில் டிஸ்க்கும் முள்ளெலும்பும் சேதம். 2013இல் மெக்கில்லிடம் போகிறார். கனமான தூக்கலையெல்லாம் நிறுத்தி, வலியைத் தூண்டும் அசைவுகளை ஒவ்வொன்றாக விலக்கி, குட்டிக் குட்டிப் பயிற்சிகளில் ஆரம்பித்து, மறுபடி மேடை ஏறுகிறார். புத்தகம் வந்து மூன்று வருஷம் கழித்து 2020இல் 1306 பவுண்டு ஸ்குவாட் போட்டார். கிட்டத்தட்ட 592 கிலோ. ஒரு சின்னக் காரின் எடை!

முதலில் புத்தகத்தின் பலம். வலி எங்கே என்பதைவிட, வலி எப்போது வருகிறது என்பதை மெக்கில் பிடிவாதமாகக் கேட்கிறார். அவருடைய சோதனைகளில் ஒன்றை வீட்டு நாற்காலியிலேயே செய்யலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கையின் இரு பக்கமும் பிடித்து மேலே இழுக்க வேண்டும். உடம்பு மேலே போகாது, முதுகெலும்பு அழுந்தும், அவ்வளவுதான். வலிக்கிறதா? இப்போது கூனி உட்கார்ந்து அதையே செய்யுங்கள். நிமிர்ந்தபோது வராத வலி கூனியபோது வந்தால், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது வளைவும் சுமையும் சேர்ந்து வருவது. குனிந்தால் சுகமாகவும் நிமிர்ந்து பின்னால் சாய்ந்தால் வலியாகவும் இருக்கிற ஆளுக்குக் கணக்கே வேறு. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகின வழி. பிழையை நம் கையால் மறுபடி வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. 'முதுகு வலிக்குதா, இந்த அஞ்சு ஆசனம் செய்யுங்க' என்று எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதும் காணொளிகளுக்கு நடுவில் இந்த ஒரு பழக்கத்துக்காகவே புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கலாம்.

பயிற்சிகளும் எளிமையானவை. ஒரு காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் கை வைத்து, தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குவது. பக்கவாட்டில் முழங்கையில் தாங்கி நிற்பது. நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றும் சுமார் பத்து நொடி, சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். களைத்துப்போய்த் தோரணை கெடும் முன்பே நிறுத்திவிடுவதற்காக இந்த ஏற்பாடு.

எனக்கு இடறுவது இதற்கு அடுத்தது. 'ஏன்' என்று விளக்க வரும்போது மெக்கில் முதுகெலும்பை ஒரு பொருளாக ஆக்கிவிடுகிறார். வளைக்க வளைக்கத் தேயும் பொருள். இதற்கு அடித்தளமாக இருப்பவை அவருடைய ஆய்வகத்துப் பன்றி முதுகெலும்புச் சோதனைகள். பன்றியின் கழுத்தெலும்பு அமைப்பில் மனிதனின் கீழ்முதுகுக்கு ஓரளவு நெருக்கம் என்பதால் அதை எடுத்து, இயந்திரத்தில் மாட்டி, சுமை ஏற்றி, வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி... 2001இல் கேலகனோடு அவர் வெளியிட்ட ஆய்வில் உச்ச வரம்பு 86,400 சுற்று. ஒரு நாளில் எத்தனை நொடியோ அத்தனை. சுமை கூடினால் டிஸ்க் இன்னும் சீக்கிரமே பிதுங்கியது. சோதனை நல்ல சோதனைதான், டிஸ்க் எப்படிப் பிதுங்குகிறது என்று அழகாகக் காட்டியது. ஆனால் அந்த எலும்பு செத்த எலும்பு. ராத்திரி தூங்கவில்லை, சாப்பிடவில்லை, இரண்டு சுற்றுக்கு நடுவில் தன்னைச் சரிசெய்துகொள்ளவில்லை. உயிருள்ள திசு சுமைக்கு ஏற்பத் தடிக்கும், இறுகும். அது நடக்காது என்றால் ஜிம்முக்குப் போவதிலேயே அர்த்தமில்லை. மெக்கில்லுக்கு இது தெரியாததல்ல. கனத்த பயிற்சிகளுக்கு நடுவில் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ள நாள் விட வேண்டும் என்று சொல்பவரே அவர்தான். ஆனாலும் வாசகர் மனதில் தங்குவது தேய்கிற கம்பியின் படம்தான்.

உயிரோடிருக்கும் மனிதர்களிடம் எடுத்த கணக்கு வேறு மாதிரிப் பேசுகிறது. பின்லாந்தில் விடெமனும் அவர் குழுவினரும் முன்னாள் முதல்தர விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். பளுதூக்குபவர்களின் கீழ்முதுகு டிஸ்க்குகளில் தேய்மானம் உண்மையிலேயே கூடுதலாக இருந்தது. இதுவரை மெக்கில் பக்கம். ஆனால் முதுகுவலி? விளையாட்டு வீரர்களுக்கு அது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. படத்தில் தேய்மானம், ஆளுக்கு வலி குறைவு. அதே பின்லாந்தில் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், டிஸ்க் தேய்மானத்தில் பரம்பரையின் பங்கு பெரிதாகவும் வேலையில் தூக்கிய சுமையின் பங்கு சிறிதாகவும் வந்தது.

இது எனக்கு ஏட்டுச் சர்ச்சை இல்லை. என் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'எல்5-எஸ்1இல் டிஸ்க் வீக்கம்' என்று ஒரு வரி இருக்கிறது. நம்ம ஊரில் அந்த வரிக்கு மொழிபெயர்ப்பு 'ஜவ்வு விலகிடுச்சு'. சொன்ன மாத்திரத்தில் வீட்டில் யாரும் என்னைத் தண்ணி கேனைத் தூக்க விடவில்லை. 1994இல் ஜென்சன் குழுவினர் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்கிலாவது வீக்கம் இருந்தது. 2015இல் பிரின்ஜிக்ஜி குழுவினர் வலியில்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் தரவைத் தொகுத்தார்கள். இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், எண்பது வயதில் 96 சதவீதம். அறிக்கையில் உள்ள வரி பொய் இல்லை. என் வலிக்குக் காரணம் அதுதான் என்பதற்குச் சாட்சியும் இல்லை.

புத்தகத்தின் இன்னொரு சிக்கல், கதாநாயகன் ஒரே ஆள். அவர் போடுவது பல அடுக்கு இறுக்க உடை அணிந்து செய்யும் ஸ்குவாட். அந்த உடையே கணிசமான எடையைத் தாங்கும். நூறு கிலோவில் தடுமாறுகிற நமக்கும் அவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! தவிர, அதே வழியில் போய்த் திரும்பி வர முடியாதவர்களின் கதை புத்தகமாக வராது.

சரி, மென்மையான பயிற்சிகளையும் கனமான தூக்கலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? ஸ்வீடனில் ஆசா குழுவினர் 2015இல் முதுகுவலிக்காரர்கள் 70 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆளுக்கேற்ற குறைந்த சுமைக் கட்டுப்பாட்டுப் பயிற்சி, இன்னொன்றுக்கு டெட்லிஃப்ட். ஆமாம், முதுகுவலிக்கு மருந்தாக டெட்லிஃப்ட்! அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் முதல் குழு முந்தியது. வலியின் அளவில் இரண்டு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆளுக்கேற்றபடி பார்க்க வேண்டும் என்ற மெக்கில்லின் பிடிவாதத்துக்கு இதில் ஆதரவு இருக்கிறது. எடையைத் தொடாதே என்பதற்கு இல்லை.

தென்மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். உருண்டை வழவழக் கல், பிடி கிடையாது. முதுகை வளைத்து அதை அணைக்காமல் யாரும் தூக்கியிருக்க முடியாது. அதற்காக வளைத்துத் தூக்குவது நல்லது என்று சொல்ல வரவில்லை. வலி இருக்கிறபோது எது தூண்டுகிறதோ அதைச் சில வாரம் தவிர்ப்பது ஒன்று. வலி போன பிறகும் ஷூ லேஸ் கட்டக் குனியவே பயப்படுவது வேறொன்று. முதலாவதைப் புத்தகம் நன்றாகச் சொல்லித்தருகிறது. இரண்டாவதிலிருந்து எப்போது வெளியே வரலாம் என்பதைத்தான் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: போட்டிக்குத் தயாராகிறவர் இல்லையென்றால் 'பேக் மெக்கானிக்' போதும். கரோலின் பயிற்சி அட்டவணைகள் நமக்குப் பயன்படாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது இதில் எது இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி நான் நாற்காலிச் சோதனையை வைத்துக்கொண்டேன், மூன்று பயிற்சிகளையும் வைத்துக்கொண்டேன். டெட்லிஃப்டில் இப்போது 60 கிலோவில் இருக்கிறேன், வாரம் இரண்டரை கிலோ ஏற்றுகிறேன். தண்ணி கேனும் என் பொறுப்புக்கே திரும்ப வந்துவிட்டது.