ஆசிரியப்பணியும் தனித்துவமும்: கப்டன் டயற் பற்றிய ஒரு மதிப்பீடு

ஓர் ஆசிரியரின் பணியை, அவரிடம் பயின்று புகழ்பெற்றோரின் பெயர்ப்பட்டியலைக் கொண்டு அளவிடுவது பெருவழக்கு. சிக்காகோ நகரின் டுசாபிள் உயர்நிலைப் பாடசாலையில் இசை நெறியாளராக விளங்கிய கப்டன் வோல்ரர் டயற் (1901–1969) பற்றிய பேச்சிலும் இப்பட்டியலே முன்நிற்கின்றது. எனினும், அதன் நீளத்தினும் அதன் பன்மையே ஆராயத்தக்கது.

முதலாம் உலகப்போர்க் காலந்தொட்டு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வடக்கே பெயர்ந்த கறுப்பின மக்கள், சிக்காகோவின் தென்பகுதியில் நெருக்குண்டு வாழ்ந்தனர். இசைஞர் தொழிற்சங்கங்கூட 1966 வரை அந்நகரில் நிறத்தால் இரண்டாகப் பிரிந்திருந்தது. இத்தகைய சூழலிலேயே வயலின் கலைஞரான டயற், 1931இல் வெண்டல் பிலிப்ஸ் பாடசாலையில் பணியேற்று, 1935 முதல் 1962 வரை டுசாபிளில் கற்பித்தார். படைப்பிரிவொன்றின் இசைக்குழுவுக்குத் தலைமை தாங்கியமையால் 'கப்டன்' எனப்பட்டார். கண்டிப்பும் அப்பெயருக்கு ஏற்றதாகவே இருந்தது.

ஜாஸ் என்பது வாசிப்பவர் அக்கணத்தே கற்பித்து இசைப்பதை உயிராகக் கொண்டது. அதற்குப் படைமுகாம் ஒழுங்கு பொருந்துமா என்னும் வினா இயல்பாகவே எழும். இதற்கு விடை, அவரிடம் பயின்று ரெனர் சக்சபோன் கலைஞராகிய நால்வரிடம் உள்ளது. ஜீன் அமொன்ஸின் நாதம் அகன்றது. புளூஸ் மரபில் ஊறியது. ஜொனி கிரிபினின் வாசிப்போ மின்னல் வேகமுடையது. வொன் பிரீமன் சுருதியையே வளைத்துத் தமக்கென ஒரு குரலை அமைத்தார். ஜோன் கில்மோர், சன் ராவின் குழுவிலிருந்து புதுமையின் எல்லைகளைத் தேடினார். வாத்தியம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், எனினும் ஒருவர் மற்றவரின் நிழலல்லர்.

கிரிபினின் பயிற்சி இங்கு குறிப்பிடத்தக்கது. கிளாரினற்றில் தொடங்கிய அவர், ஓபோவையும் அல்ரோ சக்சபோனையும் கடந்து வந்தார். 1945இல் பாடசாலையை விட்டதும் லயனல் ஹம்ப்ரனின் குழுவில் சேர்ந்து ரெனருக்கு மாறினார். டயற்றின் கண்டிப்பு இசைக்குறியீட்டு வாசிப்பையும் துல்லியத்தையும் பற்றியது. மாணவர் எதனைச் சொல்லவேண்டும் என்பதைப் பற்றியதன்று. 'ஹை-ஜிங்க்ஸ்' என்னும் ஆண்டு நிகழ்ச்சி, கற்றதை மக்கள் முன் சோதிக்கும் மேடையாயிற்று.

தென்பகுதியே இசை வளம் மிக்கது, ஆற்றலுள்ளோர் எவ்வாறும் முன்னேறியிருப்பர் என வாதிடலாம். சூழலை மறுத்தல் தகாது. ஆயின் சூழல் ஆர்வத்தை ஊட்டுமேயன்றி, வறிய இல்லத்துச் சிறுவனின் கையில் வாத்தியத்தைக் கொடுத்து, நாள்தோறும் முறையாகப் பயிற்றாது. அப்பணியைச் செய்தது பொதுப் பாடசாலையே.

டயற்றின் பெயர் தாங்கிய பாடசாலை 2015இல் மூடப்பட்டபோது, அதனைக் காக்க அப்பகுதி மக்கள் 34 நாள் உண்ணாநோன்பிருந்தனர். 2016இல் அது கலைப்பாடசாலையாக மீண்டும் திறக்கப்பட்டது. அம்மக்கள் அவ்வாறு கோரியது புகழ்பெற்றோரின் பட்டியலையன்று. தம் பிள்ளைகள் கற்பதற்கான ஓரிடத்தையே. தம்மைப் போன்றோரை உருவாக்கும் ஆசிரியர் பலர். தம்மிலிருந்து வேறுபடுவோரை உருவாக்குவோர் சிலரே. டயற் அச்சிலருள் ஒருவர் என்பதே எமது துணிபு.