பத்தாயிரம் பெயர்கள்

பூச்சிகளைப் பற்றி எழுதியவர் என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு நினைவுக்கு வருகிறவர் பிரெஞ்சுக்காரரான ஃபாபர். சாணி உருட்டும் வண்டுக்கு அவர் கையில் கதாநாயகனின் அந்தஸ்து கிடைத்துவிடுகிறது. அவரை ரசிப்பதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. நான் சிபாரிசு செய்ய நினைப்பது அவருக்கு முந்திய ஒருவரை; தொடர்ந்து பத்துப் பக்கம் படிக்க முடியாத புஸ்தகங்களை எழுதியவரை. அவர் பெயர் ஃபாப்ரீஷியஸ்.

டென்மார்க்கில் டொண்டர் என்ற ஊரில் 1745ல் பிறந்தவர் யோஹான் கிறிஸ்தியன் ஃபாப்ரீஷியஸ். ஸ்வீடனுக்குப் போய் லின்னேயஸிடம் இரண்டு வருஷம் படித்தார். பிறகு கீல் நகரத்துச் சர்வகலாசாலையில் ஆசிரியர் வேலை. லண்டனுக்கும் பாரிஸுக்கும் கோபன்ஹேகனுக்கும் போய், பிறர் சேகரித்து வைத்திருந்த பூச்சிப் பெட்டிகளைத் திறந்து பார்த்துக் குறிப்பெழுதுவதே அவருடைய பெரிய சந்தோஷம். நாவலுக்கு ஆகிற வாழ்க்கை அல்ல. ஆனால் 1808ல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 10,000 பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். குருநாதர் வைத்தது சுமார் 3,000தான். லின்னேயஸ் சிறகைப் பார்த்துப் பூச்சிகளைப் பிரித்தார். சிஷ்யர் வாயைப் பார்த்துப் பிரித்தார். எதை எப்படித் தின்கிறது என்பதுதான் ஒரு ஜீவனின் குணம் என்று அவர் நம்பினார். கதை எழுதுகிறவர்களுக்கும் இது உபயோகமான யோசனை.

1801ல் வெளிவந்த அவருடைய 'சிஸ்டமா எலூதரேட்டோரம்' இரண்டு பாகமும் வண்டுகளுக்கே உரியது. லத்தீனில் எழுதியது. அதைப் புரட்டுகிற தமிழனுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. வண்டின் ஊர் என்று குறிக்கிற இடத்தில் அடிக்கடி தரங்கம்பாடி வருகிறது. அப்போது அது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. லின்னேயஸின் மாணவரான கேனிக் என்ற வைத்தியர் 1768ல் அங்கே வந்தார். பின்னால் வந்த டால்டார்ஃப் என்ற ராணுவ உத்தியோகஸ்தர், 1791ல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதி அறிஞர்களை வாய்பிளக்க வைத்தவர். இவர்கள் அனுப்பிய பூச்சிகள் ஃபாப்ரீஷியஸின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன.

அவருடைய நடை எப்படி? ஒவ்வொரு வண்டுக்கும் சில வரிகள். நிறம், வடிவம், புள்ளிகள், ஊர், யாருடைய பெட்டியில் இருக்கிறது; அவ்வளவுதான். ஆனால் ஒரு பெயரடைகூட வீண் இல்லை. ஒன்று தப்பினால் அடுத்தவனால் அந்த வண்டை அடையாளம் காண முடியாது. நம் நாவல்களில் கதாநாயகியை வர்ணிக்கும் பக்கங்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் எத்தனை தேறும்?

குறையும் பெரிதுதான். ஆறு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட பெரிய கறுப்பு வண்டு ஒன்றுக்கு 1775லேயே அவர் பெயர் வைத்தார். ஆறு புள்ளிக்காரன் என்றே அந்தப் பெயருக்கு அர்த்தம். அது பறக்காது, ஓடும். சீண்டினால் எரிச்சலூட்டும் திரவத்தைப் பீச்சும். இந்த மாதிரி விஷயங்களைப் பெட்டியில் குத்தி வைத்த வண்டு சொல்லாது. அவரும் தேடிப் போகவில்லை. கேனிக்கோ, நம் ஜனங்கள் புற்றில் ஈசல் பிடிக்கும் விதத்தைக்கூட 1779ல் எழுதிவைத்தார். வண்டைப் பிடித்துக் கொடுத்த கை யாருடையது, அந்தக் கைக்குரியவன் அதை என்னவென்று அழைத்தான் என்பதற்கு ஃபாப்ரீஷியஸின் புஸ்தகத்தில் இடமே இல்லை.

இருந்தும் அவர் பக்கம் பேசத் தோன்றுகிறது. காரணம், நான் இருக்கிற வேளச்சேரி. பூவைச் சுற்றி ரீங்காரம் செய்வதையும் வண்டு என்கிறோம், அரிசியைத் துளைப்பதையும் வண்டு என்கிறோம். கவிதையில் தேன் குடிக்கிற வண்டு பெரும்பாலும் தேனீ இனம். வண்டு இனத்தைச் சேர்ந்த மின்மினியை நாம் வண்டு என்று சொல்வதில்லை. குழந்தைகள் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்த பொன்வண்டு போல ஒன்றிரண்டுக்குத்தான் தனிப்பெயர் கொடுத்தோம். அதில் ஒரு வகைக்கு ஃபாப்ரீஷியஸ் 1775ல் வைத்த பெயரும், கிரேக்க மொழியில் பொன்னைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே.

இங்கே வயல்கள் மனைகளாகிவிட்டன, ஏரி சுருங்கிவிட்டது. பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பகுதி 2007ல் காப்புக்காடாயிற்று. 2022ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. பறவைகளை எண்ண ஆட்கள் வருகிறார்கள், நல்ல காரியம். வண்டுகளை எண்ண வருகிறவரைக் காண்பது அபூர்வம். மனைக்கட்டின் அடியில் போனவை என்னென்ன என்று கேட்டால், "வண்டு" என்ற ஒரே சொல்லைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். பெயர் தெரியாத ஒன்று இல்லாமல் போனதை யாரும் கவனிப்பதில்லை. ஃபாப்ரீஷியஸ் பார்த்த வண்டுகளில் பல இன்றும் கோபன்ஹேகன் மியூஸியத்தில் பெயரோடு இருக்கின்றன. தரங்கம்பாடிக்குக் கிடைத்த அந்தப் பாக்கியம் வேளச்சேரிக்குக் கிடைக்கவில்லை.

ஃபாபரைப் போல் எழுத ஆசைப்படுகிற தமிழர்கள் இருக்கலாம். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் சலிப்பைப் பொருட்படுத்தாமல், ஃபாப்ரீஷியஸைப் போல ஒரு ஜாபிதா போடவேண்டும். அவர் விட்டதையும் சேர்த்து, ஊர்க்காரர் சொல்லும் பெயரோடும் பிடித்துக் கொடுத்தவரின் பெயரோடும். அப்படி ஒரு புஸ்தகம் வந்தால், படிக்கச் சுவையாக இராது என்று தெரிந்தே, காசு கொடுத்து வாங்குவேன்.