பெரியம்மாவின் மூக்கும் ஆறு லாவெண்டர்களும்

வாலாஜாபாத் பக்கம் லாவெண்டர் என்கிற வார்த்தை மூன்று இடத்தில் புழங்குகிறது. ஒன்று, பட்டுச்சேலை. முன்பு கத்தரிப்பூ கலர் என்று சொன்னதைத்தான் இப்போது காஞ்சிபுரம் காந்தி ரோடு கடைகளில் லாவெண்டர் என்று பிரித்துப் போடுகிறார்கள். இரண்டு, பவுடர் டப்பா. மூன்று, தரை துடைக்கிற திரவம். செடியைப் பார்த்தவர்கள் எங்க தெருவில் யாரும் இல்லை. குளிரும் வறண்ட காற்றும் கேட்கிற செடி அது, பாலாற்றங்கரை வெயிலில் நிற்காது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற 99 பூக்களிலும் அதற்கு இடமில்லை.

ஆனாலும் எனக்கு லாவெண்டர் என்றால் பெரியப்பாதான். தறியை நிறுத்திவிட்டு எண்பதுகளில் வளைகுடா போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க ஒரு வாசனை எழும்பும். அதைத்தான் நான் நாற்பது வருஷமாக லாவெண்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு யோசனை வந்தது: லாவெண்டரை நடுவில் வைத்துக் கட்டிய புகழ்பெற்ற வாசனைகளைச் சின்னக் குப்பிகளில் வரவழைத்து, காகிதப் பட்டையில் தொட்டு, பெரியம்மாவிடம் நீட்டினால் என்ன? அவர் ஒரு பெர்ஃப்யூமும் வாங்கியதில்லை. ஆனால் சேலையை மோந்து பார்த்தே அது எந்த பீரோவில் இருந்தது என்று சொல்லிவிடுவார்.

இதற்கு ஒரு எரிச்சலும் காரணம். இணையத்தில் லாவெண்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: அமைதி தரும், தூக்கம் வரும். பிரெஞ்சு வேதியியலாளர் கட்டெஃபோசே 1910-இல் ஆய்வுக்கூட விபத்தில் கை வெந்து, லாவெண்டர் எண்ணெயைத் தடவியதிலிருந்து இந்த வைத்தியக் கதை கிளம்புகிறது. வைத்தியம் இருக்கட்டும், நான் அதைப் பற்றிப் பேசவில்லை. வாசனை செய்கிறவன் கையில் லாவெண்டர் அமைதியான பொருளே இல்லை. அது ஒரு சண்டைக்காரப் பூ. பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சவரக்கடை ஆகும், கோயில் ஆகும், பாயசம் ஆகும், பினாயில் ஆகும்.

ஏன் அப்படி என்று பார்க்க எண்ணெய்க்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கணும். நல்ல லாவெண்டர் எண்ணெயில் பெரும்பங்கு இரண்டு பொருள்கள். லினலூல் ஒன்று, லினலைல் அசிடேட் இன்னொன்று. லினலூல் நமக்கு அந்நியமே இல்லை. கொத்தமல்லி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். மல்லிகையில் உண்டு, திருநீற்றுப்பச்சையிலும் உண்டு. (துளசி, திருநீற்றுப்பச்சை, லாவெண்டர் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். நம் தமிழிலிருந்து போன பெயர் என்று அகராதிகள் சொல்கிற பச்சௌலியும் அதே குடும்பம்தான்.) இரண்டாவது பொருள் பழ இனிப்பைக் கொடுக்கும். இவை போக, கற்பூரம். மலையில் விளையும் உயர்ந்த லாவெண்டரில் அது மிகக் குறைவு. தாழ்நிலத்து முரட்டு இனமான ஸ்பைக் லாவெண்டரில் நிறைய. இரண்டும் கலந்து பிறந்த லாவண்டின் என்ற மலட்டு இனத்தில் ஏழெட்டு சதவீதம் வரை போகும். விதை பிடிக்காது, தண்டு வெட்டி நட்டுத்தான் வளர்க்கணும், ஆனால் எண்ணெய் பல மடங்கு கொடுக்கும். அதனால் சோப்பு, சலவைத்தூள், தரை திரவம் எல்லாவற்றுக்கும் லாவண்டின்தான் போகிறது, அல்லது அதை நகலெடுத்த செயற்கைக் கலவை. நம்மில் பெரும்பாலோர் லாவெண்டர் என்று அறிந்தது அந்தக் கற்பூரப் பிள்ளையை.

பெரியம்மாவிடம் முதலில் யார்ட்லி இங்கிலிஷ் லாவெண்டர் நீட்டினேன். 1873-இல் வந்தது. யார்ட்லி கம்பெனி தன் பிறப்பு வருஷம் 1770 என்று டப்பாவிலேயே போட்டுக்கொள்ளும். அப்போது எங்க ஊருக்குப் பெயர் கொடுத்த நவாப் முகமது அலி வாலாஜா ஆற்காட்டில் ஆண்டுகொண்டிருந்தார். 2009-இல் ஆசியாவுக்கான யார்ட்லி வியாபாரத்தை விப்ரோ வாங்கிவிட்டது, அது தனிக்கதை. பெரியம்மா மோந்துவிட்டு, "இது பவுடரு. கல்யாண வீட்டுல பொண்ணுக்குப் போடறது" என்றார். சரியான விமர்சனம். இதில் லாவெண்டர் தனியாக நிற்கிறது, கிட்டத்தட்டத் துணைக்கு ஆள் இல்லாமல். நேர்மையான வாசனை. ஆனால் லாவெண்டர் சீக்கிரம் ஆவியாகிற ஜாதி. கீழே தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் கால் மணி நேரத்தில் கையைக் கழுவிய மாதிரி ஆகிவிடுகிறது.

அந்தத் தாங்கிப் பிடிக்கிற பொருள் கிடைத்த கதையில் பட்டு நெய்கிற ஊர்க்காரன் நிமிர்ந்து உட்காரணும். வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற ஆங்கிலேயர் 1856-இல், தன் 18 வயதில், மலேரியா மருந்து செய்யப் போய் மவ் என்ற ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழிலே அங்கிருந்துதான் பெருகியது. அவர் அதை முதலில் தோய்த்துப் பார்த்தது பட்டில். இன்றைக்குக் கத்தரிப்பூ கலரில் பாவு போடுகிற ஒவ்வொரு தறிக்கும் அந்தப் பையனோடு ஒரு கணக்கு இருக்கிறது. அதே பெர்கின் 1868-இல் கூமரின் என்ற பொருளையும் ஆய்வுக்கூடத்தில் செய்தார். அறுத்துக் காயப்போட்ட புல்லின் இனிப்பு வாசனை. வைக்கோல் போரில் கொஞ்சம் பாதாம் அரைத்துப் போட்ட மாதிரி. 1882-இல் ஊபிகான் நிறுவனத்தின் பால் பார்க்கே லாவெண்டரையும் கூமரினையும் ஓக் மரப் பாசியையும் சேர்த்து ஃபூஜேர் ரோயால் செய்தார். ஃபூஜேர் என்றால் பெரணி. பெரணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. இல்லாத ஒன்றுக்கு வாசனை கற்பித்த துணிச்சல் அது. உலகத்தில் ஆம்பிளை வாசனை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒரு கூட்டணியின் பேரப்பிள்ளைகள். அசல் ஃபூஜேர் ரோயால் இப்போது கடையில் இல்லை. பழைய வாசனைகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் வெர்சாய் ஒஸ்மோதெக் காப்பகத்தில் போய்த்தான் மோக்க முடியும். எனக்கு அந்த யோகம் இல்லை, அதனால் அதற்குத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஜிக்கி. 1889, ஈஃபில் கோபுரம் எழுந்த வருஷம், எமே கெர்லான் செய்தது. பட்டையை நீட்டியதும் பெரியம்மா முகம் மாறியது. "டேய், இது கோயில் உள்ள வர்ற வாசனைடா. எங்க வாங்கின?" எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் ஜிக்கியின் அடியில் இருப்பது புனுகு. லாவெண்டர், கூமரின், வனிலாவின் செயற்கைச் சாரமான வனிலின், அதற்கடியில் புனுகு. திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்து மூலவருக்குச் சாத்துகிற அதே புனுகு. (இன்றைய வாசனைத் தொழிலில் பெரும்பாலும் செயற்கைப் புனுகுதான். பூனைகளுக்கு நிம்மதி.) மேலைநாட்டு விமர்சகர்கள் ஜிக்கியைப் பற்றி எழுதும்போது இந்தப் புனுகை அழுக்கு, மிருகம், காமம் என்றே எழுதுவார்கள். மேலே சலவை செய்த லாவெண்டர், கீழே அசிங்கம் என்பது அவர்கள் வாசிப்பு. நம் மூக்குக்கு அந்த எதிர்ப்பதமே விளங்காது. புனுகும் ஜவ்வாதும் நமக்குக் கர்ப்பகிரகம். அதோடு லாவெண்டரின் மெல்லிய கற்பூரம் சேர்ந்தால் தீபாராதனை நேரம். ஆக, அவர்கள் ஊரில் அதிர்ச்சியாக இருந்தது எங்க ஊரில் பக்தியாகிறது. எனக்கு ஆறிலும் பெரிய படைப்பு இதுதான். லாவெண்டரை நல்ல பிள்ளையாகக் காட்ட அது முயற்சியே செய்யவில்லை.

கரோன் கம்பெனியின் பூர் அன் ஓம், 1934, எர்னஸ்ட் டால்ட்ரோஃப். லாவெண்டரும் வனிலாவும், கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் பத்து நிமிஷம் லாவெண்டர் ஆர்ப்பாட்டமாகப் பேசும், பிறகு வனிலா மெதுவாகப் பாயை விரிக்கும். பெரியம்மா: "இனிப்பா இருக்கு. சாப்பிடற பொருளா?" குறை சொல்கிற மாதிரிக் கேட்டாலும் பட்டையைக் கீழே வைக்கவில்லை. இதே லாவெண்டர், வனிலா ஜோடியைத்தான் 1995-இல் ஃப்ரான்சிஸ் குர்க்ஜியான் லெ மாலுக்காக எடுத்து, புதினா சேர்த்து, ஒலிபெருக்கி வைத்துக் கட்டினார். கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஆனால் கரோன் காதோடு பேசியதை இது மேடை போட்டுப் பேசுகிறது. பெரியம்மா இதற்கு "தலைவலி" என்று ஒரே வார்த்தை. நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன், பாதி ஒத்துக்கொள்வேன்.

டேவிடாஃப் கூல் வாட்டர், 1988, பியேர் பூர்டோன். இதில்தான் லாவெண்டருக்கு ஒரு துரோகம் நடந்தது என்பேன். டைஹைட்ரோமிர்செனால் என்று ஒரு செயற்கைப் பொருள், சலவைப் பொருள்களில் முதலில் புழங்கியது. உலோகக் குளிர்ச்சி, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் லாவெண்டர் சாயல், விலை மலிவு. எண்பதுகளில் இது ஆண் வாசனைகளுக்குள் அணை உடைத்துக்கொண்டு வந்தது. கூல் வாட்டர் அதை அழகாகவே கையாண்டது, மறுக்க முடியாது. பின்னால் வந்த நகல்கள்தான் லாவெண்டரின் பூவையும் வைக்கோலையும் தள்ளிவிட்டுச் சுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டன. பெரியம்மா சொன்னது: "காலைல காலேஜ் பஸ்ல ஏறினா இந்த வாசனைதான்." லாவெண்டர் என்ற பெயரே துவைப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பார்கள். கடைசியில் துணி துவைக்கிற இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது போல.

பிரூட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1964, ஃபாபெர்ஜே. பச்சைப் பாட்டில், கழுத்தில் சங்கிலி. வளைகுடா பெட்டிகளில் அது இல்லாமல் இருந்ததா? மோந்த கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது: நாற்பது வருஷமாக நான் லாவெண்டர் என்று நம்பியது இதைத்தான். லாவெண்டர் இதில் பலரில் ஒருவர். ஜெரானியம், சோம்பு, கூமரின், பாசி, பவுடர் எல்லாம் சேர்ந்த சவரக்கடைக் கும்பல். பார்க்கே போட்ட பாதையில் வந்த பேரன். விமர்சகனாகச் சொன்னால் ஓரங்கள் முரடு, இனிப்பு அதிகம், இப்போது வருகிற பிளாஸ்டிக் பாட்டில் சரக்கில் நடுப்பகுதியே காணோம். ஆனால் இதை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது.

பெரியம்மா பட்டையை ரொம்ப நேரம் வைத்திருந்தார். நான் காத்திருந்தேன். "உங்க பெரியப்பா பெட்டி," என்றார். அப்புறம், "பெட்டிதான். அவரு இல்ல. அவரு வந்து மூணு நாளைக்கு அப்புறம் தறிக்குழி பக்கம் உக்காந்தா வருமே, அது இதுல இல்ல."

இதற்கு வேதியியலில் பாதி விளக்கம் இருக்கிறது. லினலூல் காற்று பட்டு மெல்ல வேறு பொருளாக மாறும். சிலருக்கு அரிப்பு கூட அதனால்தான் வருகிறது. ஐரோப்பாவில் லினலூலையும் கூமரினையும் அட்டையில் தனியாக அச்சிடணும் என்று சட்டம் இருக்கிறது. வீட்டில் இருக்கிற சோப்பு உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பல உறைகளில் இரண்டு பெயரும் இருக்கும். தோலின் சூடு, வேர்வை, எண்ணெய்ப்பசை எல்லாம் சேர்ந்து வாசனையைத் திருத்தி எழுதும். தவனத்தைப் பற்றி வாசனைத் தொழிலில் இதையே சொல்வார்கள், ஆளுக்கு ஆள் வேறு வேறாக மலரும் என்று. அதன் எண்ணெய்க்கு உலகம் தென்னிந்தியாவைத்தான் நம்பியிருக்கிறது. வரதராஜப் பெருமாளுக்குத் தவன உற்சவமே நடக்கிறது. லாவெண்டர் அகர்பத்தி செய்கிறவர்கள் ஒருநாள் தவனத்தை நிமிர்ந்து பார்க்கலாம். இந்திய லாவெண்டர் வேண்டுமென்றால் ஜம்முவில் பதர்வா இருக்கிறது. மத்திய அரசின் அரோமா மிஷனில் மக்காச்சோளம் போட்ட விவசாயிகள் லாவெண்டருக்கு மாறி எண்ணெய் வடிக்கிறார்கள். அடுத்த ஆர்டர் அங்கேதான் போடப்போகிறேன், அந்த எண்ணெய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கணும்.

கிளம்பும்போது பெரியம்மா இரண்டு பட்டைகளைக் கேட்டு வாங்கி பீரோவில் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்தார், வசம்புத் துணி முடிப்புக்குப் பக்கத்தில். பாச்சை உருண்டையை ஜரிகைக்குப் பக்கத்தில் விடவே மாட்டார், கறுத்துவிடும். ஒன்று பிரூட், ஒன்று கரோன். ஜிக்கியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "அது சாமிக்கு" என்றார். நாலு நாள் கழித்துப் போனில் கேட்டபோது பிரூட் சுத்தமாகப் போய்விட்டது, இனிப்பு மட்டும் இன்னும் சேலையில் இருக்கிறது என்றார்.