பயத்தை வெட்டுகிறோம், இளக்காரத்தை விட்டுவிடுகிறோம்

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் தங்கள் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பின் முதல் பகுதியை வெளியிட்டபோது, இது பிள்ளைகள் கையில் கொடுக்கத் தக்கதல்ல என்று கண்டனம் எழுந்தது. கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ராபன்ஸெல், தன் உடை ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது என்று கள்ளமில்லாமல் கேட்கிறாள். அவள் கருவுற்றிருப்பது அப்படித்தான் வெளிப்படுகிறது. பின்வந்த பதிப்பில் அந்தக் கேள்வி இல்லை. பன்றி அறுப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதையே விளையாட்டாக ஆடி ஒரு பிள்ளையைக் கொன்றுவிடும் கதையும் போய்விட்டது. முதற்பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் அவளைப் பெற்ற தாய். பிறகு அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள்.

1825-இல் ஐம்பது கதைகளை மட்டும் பொறுக்கி, தம்பி லுட்விக் எமில் வரைந்த படங்களோடு சிறுவர்களுக்கென்றே ஒரு பதிப்பு கொண்டுவந்தார்கள். முட்புதருக்குள் சிக்கிய யூதரின் கதை அந்த ஐம்பதில் இடம்பெற்றது. மாயப் பிடில் கிடைத்த வேலைக்காரன் ஒருவன், யூதர் ஒருவரை முள்ளுக்குள் ஆடவைத்துக் கிழிபட விடுகிறான். கடைசியில் தூக்கில் தொங்குகிறவரும் அந்த யூதர்தான். வாசிப்பவர் சிரிக்க வேண்டும் என்றே அது சொல்லப்பட்டிருக்கிறது.

கர்ப்பம் பிள்ளைக்கு ஆகாது, ஓர் இனத்தின் மேல் வெறுப்பு ஆகும் என்று அவர்கள் முடிவெடுத்து உட்காரவில்லை. தங்கள் காலத்துக் கண்ணை எது உறுத்தியதோ அதை எடுத்தார்கள், உறுத்தாதது நின்றுவிட்டது. நம் வீடுகளில் கதைப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போதும் இதுவே நடக்கிறது என்பது என் எண்ணம். ஓநாய் பாட்டியை விழுங்குகிறதா, ராட்சசன் எலும்பைக் கடிக்கிறானா என்று புரட்டிப் பார்க்கிறோம். யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்று பார்ப்பதில்லை.

பயம் அவ்வளவு கெட்டதல்ல. உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976-இல் எழுதிய நூலில், கதையின் கொடுமை பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அச்சத்துக்கு ஓர் உருவம் தருகிறது என்று வாதிட்டார். ஒவ்வொரு கதைக்கும் அவர் சொல்லும் ஃப்ராய்டிய விளக்கத்தை ஏற்க என்னால் முடியவில்லை; பல இடங்களில் கதையை இழுத்துப் பிடித்துத் தன் கோட்பாட்டுக்குள் திணிக்கிறார். ஆனால் மடியில் உட்கார்ந்து கேட்கிற பிள்ளை, ராட்சசன் செத்துவிட்டான் என்று தெரிந்த பிறகும் அந்தக் கதையையே மறுபடி கேட்கிறது. பயந்து, பயத்தைக் கடந்து வருவதில் அதற்கு ஒரு நிறைவு இருக்கிறது. ராட்சசனைச் சாதுவாக்கிவிட்டால் கடந்து வர எதுவும் இருக்காது.

இளக்காரம் அப்படி முடிந்துபோவதில்லை. ராட்சசனைப் பிள்ளை தெருவில் பார்க்கப்போவதில்லை. திக்குகிறவரை, கறுத்த பெண்ணை, கணவனை இழந்தவளை, அப்பா மறுமணம் செய்துகொண்ட பெண்ணை நாளைக்கே பார்க்கும்.

பஞ்சதந்திரத்தை எடுத்துக்கொள்வோம். சிறுவர் புத்தகம் என்றால் நம் கை முதலில் போவது அதற்குத்தான். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையாக்கிய பஞ்சதந்திரம் 1826-இல் அச்சானது; அன்று முதல் எத்தனையோ சுருக்கங்கள். மூலத்தில் அது அரசகுமாரர்கள் மூவருக்கு உலகியல் கற்பிக்க எழுந்த நூல். முதல் தந்திரத்தில் தமனகன் என்ற நரி, சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பைக் கோள் சொல்லி உடைக்கிறது. எருது சாகிறது, நரி செல்வாக்கோடு நிலைக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இதை அரபியில் ‘கலீலா வ திம்னா’ ஆக்கிய இப்னுல் முகஃப்பாவுக்கே இது பொறுக்கவில்லை. நரியை விசாரித்துத் தண்டிக்கும் ஓர் அத்தியாயம் அரபியில் புதிதாகச் சேர்ந்தது. அந்த விசாரணை தனக்கே உரிய சுவையோடு நிற்கும் முழுக் கதை. நம் சுருக்கங்களோ ஒவ்வொரு கதைக்கும் கீழே ‘நீதி’ என்று கட்டம் போட்டு ஒரு வரி எழுதி, பிள்ளை கேட்க நினைத்ததைக் கேட்கவிடாமல் செய்துவிடுகின்றன.

அதைவிடப் பெரிய சேதம் சுருக்குவதிலேயே நேர்கிறது. நாய்கள் துரத்த, சாயத் தொட்டியில் விழுந்து நீலமாகிப்போன நரியைக் காட்டு விலங்குகள் அரசனாக ஏற்கின்றன. மூலக்கதையில் அது அரியணை ஏறியதும் செய்யும் முக்கியமான காரியம், தன் இனமான நரிகளைக் காட்டைவிட்டே விரட்டுவது. பிறகு ஒருநாள் தூரத்தில் நரிகள் ஊளையிடக் கேட்டு, உடல் சிலிர்த்து, தானும் ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது. சொந்தங்களைத் துரத்திவிட்டு அந்நியரிடம் ஒட்டிக்கொண்டவனின் கதை இது. இடம் போதவில்லை என்று விரட்டும் காட்சியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கீழே பிறந்தது மேலே ஏறப் பார்த்தது, பிறவிக் குணம் காட்டிக்கொடுத்தது, செத்தது. ஒரே ஒரு வாக்கியம் போனதில் கதை சாதியின் வாதமாகிவிடுகிறது. சாதியால் அடிபட்ட வீட்டுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து இதைக் கேட்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நல்ல பழங்கதைகளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. மூன்று, நான்கு வயதுக்குத் தன் பெயரை மறந்துபோன ஈயின் கதைக்கு இணை எனக்குத் தெரியாது. ஈ கன்றைக் கேட்கிறது, தாய்ப்பசுவைக் கேட்கிறது, மேய்ப்பவனையும் அவன் கைக்கோலையும் கேட்கிறது. சங்கிலி நீண்டுகொண்டே போய், குதிரை வயிற்றுக் குட்டி சிரிக்கும்போது பெயர் கிடைத்துவிடுகிறது. யாரும் தோற்கவில்லை, நீதியும் இல்லை. சொல் மேல் சொல்லாக அடுக்கித் திரும்பச் சொல்லும் இன்பம்தான் கதை. எண்ணக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் ஆளாளுக்குத் தன்னைவிட்டு எண்ணி அழும் கதை. வீரமாமுனிவர் எழுதி, 1822-இல் லண்டனில் அச்சேறிய நூல் அது. அங்கே சிரிப்பு குருவை நோக்கிப் போகிறது, எளியவனை நோக்கி அல்ல. சீடர்களில் ஒருவனுக்கு, பிற இனத்தாரை இழிக்கும் சொல்லான மிலேச்சன் என்று பெயர். அதை மட்டும் நான் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் நீயும் வெட்டத்தானே சொல்கிறாய் என்று கேட்கலாம். பெயரை விடுவது சொல்பவரின் சலுகை; பாட்டிகள் காலங்காலமாகச் செய்துவந்தது. அச்சில் ஒரு கதையின் முதுகெலும்பை உருவிவிட்டு அதையே மூலம் போல விற்பது வேறு. ஆகாத கதையைத் திருத்துவதைவிட விட்டுவிடுவது நேர்மை. கி. ராஜநாராயணன் இதில் தெளிவாக இருந்தார். கரிசல் காட்டுப் பாலியல் கதைகளைக் கழுவித் துடைக்காமல், ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று தனிப் புத்தகமாகவே போட்டார். ஏ. கே. ராமானுஜன் 1991-இல் இருபத்திரண்டு இந்திய மொழிகளிலிருந்து திரட்டிய ஆங்கில நாட்டுப்புறக் கதைத் தொகுப்பைப் புரட்டினால், ஒரு கதையை விடுவதால் அலமாரி காலியாகாது என்பது தெரியும். பெண்கள் பெண்களுக்குச் சொன்ன கதைகள் அதில் நிறைய.

பரமார்த்த குரு கதையும் ராமானுஜன் தொகுப்பும் பெரியவர்கள் படித்து வாயால் சொல்ல வேண்டிய வகை; பிள்ளை கையில் நேராகக் கொடுப்பதற்கல்ல. கையில் கொடுக்கும் படப் புத்தகத்துக்கு என் கோரிக்கைகள் சில. கதை எங்கிருந்து வந்தது, யார் மறுபடி எழுதினார் என்பது அச்சிலிருக்க வேண்டும். கீழே நீதிக் கட்டம் கூடாது. அரக்கன் கறுப்பாகவும் இளவரசி வெளுப்பாகவும் மட்டுமே வரையப்பட்டிருந்தால், எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் புத்தகம் கடையிலேயே இருக்கட்டும். நீல நரிக் கதை இருந்தால் அந்தப் பக்கத்தை அங்கேயே நின்று படித்துவிடுங்கள். மற்ற நரிகளை அது விரட்டியது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.